துபாய் தூசியில் நிற்கும் ஃபெராரிகள்: விட்டுவிட்டு ஓடியவர்கள் யார்?

சில மாதங்களுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றி வரும் படம் அது. துபாயில் எங்கோ ஒரு மைதானத்தில், கண்ணாடியே தெரியாத அளவுக்கு மண் படிந்து நிற்கும் ஒரு ஃபெராரி. பானெட்டின் மேல் யாரோ விரலால் கிறுக்கியிருப்பார்கள். படத்தின் கீழே, "துபாய்க்காரர்கள் அலுத்துப்போனால் காரை இப்படித்தான் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள்" என்று ஒரு வரி இருக்கும். நம் குடும்பக் குழுமங்களிலும் இது வருகிறது. பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். பெரியவர்கள் 'இஸ்ராஃப்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

படம் பெரும்பாலும் உண்மைதான். கீழே எழுதியிருக்கும் வரியில்தான் கோளாறு. அந்தக் கார்களில் பல, பணம் மிஞ்சிப்போய் விடப்பட்டவை அல்ல. கடனைக் கட்ட முடியாமல் விடப்பட்டவை. அவற்றை நிறுத்திவிட்டு விமானம் ஏறிய ஐரோப்பியரின் கதையும், நம் ஊர்களிலிருந்து சபர் போன எத்தனையோ பேரின் கதையும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. அந்த இடம் வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு காசோலை. ஆகவே இந்தப் படங்களின் பின்னணியை நம் குடும்பங்கள் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

400 கார்களில் ஒன்று

துபாயில் கைவிடப்பட்ட கார்களில் உலகம் முழுவதும் பேசப்பட்டது ஃபெராரி என்சோ. காவல்துறை பறிமுதல் செய்த வண்டிகள் நிற்கும் மைதானத்தில், மணல் போர்த்தியபடி அது நின்ற படங்கள் 2012 வாக்கில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் வெளியாயின. ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்சோ ஃபெராரியின் பெயரையே சூட்டி, 2002 முதல் 2004 வரை தயாரித்த கார் இது. 6 லிட்டர் கொள்ளளவு, 12 சிலிண்டர், 660 குதிரைத்திறன், உடல் முழுவதும் கார்பன் ஃபைபர். விற்பனைக்கென்று செய்தவை 399 மட்டுமே. பணம் இருந்தால் போதாது. வாங்குபவர் யார், இதற்கு முன் எந்த ஃபெராரிகளை வைத்திருந்தார் என்றெல்லாம் பார்த்துத்தான் நிறுவனம் விற்றது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒரு என்சோ பல மில்லியன் டாலருக்குப் போகிறது.

400ஆவதாக ஒன்றைச் செய்து அன்றைய போப் இரண்டாம் ஜான் பாலிடம் கொடுத்தார்கள். 2005ஆம் ஆண்டு அது ஏலம் விடப்பட்டு, கிடைத்த தொகை சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நம் கடலோர ஊர்களையும் புரட்டிப் போட்ட அதே சுனாமிதான். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கார்களில் ஒன்று இப்படிப் போக, இன்னொன்று துபாய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்ட காரை யார் விட்டுச் செல்வார்கள்? இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூசி படிந்த எல்லாக் கார்களுக்கும் ஒரே காரணம் இல்லை. சில, இரண்டு பங்காளிகளுக்கு நடுவே வழக்கில் சிக்கி நிற்பவை. சில, வேறொரு நாட்டில் திருடிக் கப்பலேற்றி வந்தவை. உரிமையாளர் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருப்பதால் நிற்பவையும் உண்டு. ஆனால் 'துபாயின் கைவிடப்பட்ட கார்கள்' என்ற பேச்சு உலகச் செய்தியாக மாறியதற்குக் காரணம் 2008ஆம் ஆண்டின் இறுதியும் 2009ஆம் ஆண்டின் தொடக்கமும்தான்.

விமான நிலைய வாகன நிறுத்தத்தில்

அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் துபாயில் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும் முன்பே அதன் வீடுகள் மூன்று கை மாறிவிடும். சம்பளச் சான்றிதழைக் காட்டினால் வங்கி ஊழியர் அலுவலகத்துக்கே வந்து கடன் அட்டை கொடுத்துவிட்டுப் போவார். காரின் முழு விலையையும் கடனாகக் கொடுத்தார்கள். கையிலிருந்து ஒரு திர்ஹம் போடாமல் சாவியை வாங்கிக்கொண்டு வரலாம். மாதம் 30,000 திர்ஹம் சம்பளம் வாங்கும் கட்டுமான நிறுவன மேலாளர் ஒருவர், தம் ஊரில் கனவிலும் ஓட்டியிருக்க முடியாத காரை துபாயில் தவணையில் ஓட்டியதில் வியப்பில்லை. கார் மட்டுமா? கட்டி முடிக்காத வீட்டுக்கு ஒரு கடன், கடன் அட்டைகள் நான்கு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் தனிநபர் கடன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. சில மாதங்களில் துபாயின் கட்டுமானப் பணிகள் வரிசையாக நின்றன. வீட்டு விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. மொத்தம் மொத்தமாக ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 2009 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், துபாய் விமான நிலைய வாகன நிறுத்தத்தில் 3,000க்கும் மேற்பட்ட கார்கள் கேட்பாரற்று நிற்பதாக வெளியான செய்தியைக் குறிப்பிட்டது. சிலவற்றில் முழுவதும் தீர்ந்துபோன கடன் அட்டைகளும், கண்ணாடியில் ஒட்டிய மன்னிப்புக் கடிதங்களும் இருந்ததாகப் பேச்சு. எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்று அரசு மறுத்ததையும் அதே செய்தி சொல்லியது. எண்ணிக்கையில் மிகை இருந்திருக்கலாம். ஆட்கள் ஓடியது மிகையல்ல.

ஏன் விற்கவில்லை?

நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஓடுவதென்று முடிவாகிவிட்டது, சரி. காரை விற்று வந்த காசையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே?

அமீரகத்தில் வங்கிக் கடனில் வாங்கிய காரின் பதிவில் வங்கியின் அடமானமும் பதிவாகியிருக்கும். முல்கியாவை வைத்திருப்பதால் மட்டும் அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வங்கி 'கடன் தீர்ந்தது' என்று கடிதம் கொடுக்க வேண்டும். அதற்கு மீதிக் கடன் முழுவதையும் கட்ட வேண்டும். 5 லட்சம் திர்ஹம் பாக்கி இருக்கும் காரை, ஊரே விற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில், 3 லட்சத்துக்குக் கேட்பார்கள். மீதி 2 லட்சத்தை வேலை போனவர் எங்கிருந்து கொண்டுவருவார்? அதற்கு மேல் முகாலஃபா வேறு. போக்குவரத்து அபராதங்களைக் கட்டாமல் முல்கியாவைப் புதுப்பிக்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. விற்க முடியாத, ஓட்டினாலும் பயன் இல்லாத, கடலைத் தாண்டிக் கொண்டுபோகவும் வழியில்லாத பொருளாகிவிட்டது அந்தக் கார். அதற்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான்: உரிமையாளரை விமான நிலையம் வரை கொண்டு சேர்த்தது.

சரி, காரை விட்டார்கள். நாட்டைவிட்டு ஓட வேண்டிய அவசியம் என்ன? பெரும்பாலான நாடுகளில் கடனைக் கட்டவில்லை என்றால் வங்கி வழக்குப் போடும், பொருளைப் பறித்துக்கொள்ளும். சிறைக்கு அனுப்பாது. அமீரகத்தில் அன்று நிலைமை வேறு. கடன் கொடுக்கும்போதே வங்கி ஓர் உத்தரவாதக் காசோலையைக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும். சில நேரம் முழுத் தொகையும் எழுதியிருக்கும். சில நேரம் தொகையும் தேதியும் இல்லாத வெறும் காசோலை. தவணை தவறினால் அந்தக் காசோலையை வங்கி தாக்கல் செய்யும். கணக்கில் பணமில்லை என்று திரும்பினால் அது குற்றவியல் வழக்கு. காவல் நிலையத்தில் புகார், விமான நிலையத்தில் பயணத் தடை, பிறகு சிறை அல்லது அபராதம். சிறையில் இருந்து வந்தாலும் கடன் கழியாது. அது தனியாக அப்படியே இருக்கும்.

இதோடு விசாவைச் சேர்த்துப் பாருங்கள். வேலை போனால் இக்காமா ரத்தாகும். அன்றைய விதிப்படி அதன்பிறகு 30 நாட்களில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். இன்னொரு பக்கம், நிறுவனத்திலிருந்து சம்பளம் நின்ற செய்தி தெரிந்ததும் வங்கி கணக்கை முடக்கும். இருந்து கடனை அடைக்க வேலை இல்லை. இருக்கவும் அனுமதி இல்லை. புகார் பதிவாகிவிட்டால் போகவும் முடியாது. புகார் பதிவாவதற்கு முந்தைய அந்தச் சில நாட்கள்தான் ஒரே இடைவெளி. காரை நிறுத்திவிட்டு, சாவியை உள்ளேயே விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் அந்த இடைவெளியில் ஏறியவர்கள். கார் மீது அலுப்பு ஏற்பட்டு அல்ல.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2009 நவம்பரில், துபாய் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டு என்ற பெருநிறுவனமே கடனைக் கட்டத் தவணை கேட்டது. அபூதபி 10 பில்லியன் டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட 'புர்ஜ் துபாய்' அன்றே 'புர்ஜ் கலீஃபா' என்று பெயர் மாறியதை நாம் பார்த்தோம். கடன் கொடுத்த வங்கிகள் உட்கார்ந்து பேசி, பல ஆண்டுகளுக்குத் தவணையை நீட்டிக்கொடுத்தன. தவறில்லை, பேசித் தீர்ப்பதுதான் முறை. ஆனால் 40,000 திர்ஹம் கடனுக்காக அதே நாட்களில் உள்ளே இருந்தவர்களுக்கு அப்படி உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை. அவர்களில் மலையாளிகள், பாகிஸ்தானியர், ஃபிலிப்பினோக்கள், நம்மவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் நிறுத்திவிட்டுப் போனது பழைய நிசான் சன்னியாக இருந்தால் அதை யாரும் படம் எடுக்கவில்லை.

நிற்கும் கார் எப்படி அழுகிறது

ஓடாத கார் கெடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது, அதிலும் இந்த வகைக் கார்கள் நின்றால்தான் விரைவில் கெடும்.

முதலில் போவது பேட்டரி. நிறுத்தி வைத்தாலும் அலாரமும் கணினிகளும் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அடுத்தது டயர். ஒரே இடத்தில் எடை தாங்கி நின்று ஒரு பக்கம் தட்டையாகி, வெயிலில் வெடிப்பு விடும். பெட்ரோல் காற்றுப்பட்டுப் பசையாக மாறி, எரிபொருள் குழாய்களையும் இன்ஜெக்டர்களையும் அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. துபாயோ கடலோர ஊர், கோடையில் ஈரத்துக்குக் குறைவில்லை. உள்ளே ஈரம் சேர்ந்தால் பிரேக் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிப்போகும். இயந்திரத்தின் ரப்பர் சீல்கள் எண்ணெயில் நனையாமல் காய்ந்து சுருங்கும். பிறகு யாராவது காரைக் கிளப்பினால் எல்லாப் பக்கமும் கசியும்.

வெளியே 45 டிகிரி என்றால் மூடிய காருக்குள் 70 டிகிரி வரை போகும். தோல் இருக்கை சுருங்கி வெடிக்கும். பழைய ஃபெராரிகளில் உள்ளே இருக்கும் பொத்தான்களின் மேல்பூச்சு உருகி, வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டும். இது ஃபெராரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் புலம்பும் விஷயம். அந்த மண்ணும் சும்மா இருப்பதில்லை. மணல் துகள் உப்புத் தாள் மாதிரி. நல்லெண்ணத்தோடு யாராவது உலர்ந்த துணியால் துடைத்தாலே பெயின்ட் முழுவதும் கீறல் விழும். படத்தில் பானெட்டின்மேல் விரலால் எழுதுகிறார்களே, அந்த எழுத்து கழுவினாலும் போகாது.

ஃபெராரி எஃப்40, மெக்லாரன் எஃப்1 போன்ற பழைய கார்களில் இன்னொரு செலவு உண்டு. பந்தயக் கார்கள்போல் இவற்றில் எரிபொருள் தொட்டிக்குள் ரப்பர் பை வைத்திருப்பார்கள். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு இயந்திரத்தையே இறக்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகள் கேட்பாரற்று நின்ற காரை மறுபடி ஓட வைக்கும் செலவில் நம் ஊரில் வீடே கட்டலாம். ஏலத்தில் மலிவாகப் போகிறது என்று கேட்டு ஆசைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

புரூணையின் கூடங்கள்

கடனுக்கு அஞ்சி ஓடியவர்கள் விட்ட கார்களைப் பார்த்தோம். ஓடவேண்டிய அவசியமே இல்லாத ஓர் அரச குடும்பத்தில் கார்கள் அழுகிய கதையும் இருக்கிறது. அளவில் துபாய் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

புரூணை சுல்தானின் தம்பி இளவரசர் ஜெஃப்ரி, அந்நாட்டின் நிதியமைச்சராகவும் முதலீட்டு முகமையின் தலைவராகவும் இருந்தவர். 1990களில் அந்தக் குடும்பம் வாங்கிக் குவித்த கார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள். வெறும் எண்ணிக்கையோடு போகவில்லை. கடையில் விற்காத கார்களைத் தங்களுக்கென்றே செய்யச் சொன்னார்கள். பென்ட்லி நிறுவனம் உலகச் சந்தைக்கு உயரமான நான்கு சக்கர இயக்கக் காரைக் கொண்டுவந்தது 2015இல். அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே 'டாமினேட்டர்' என்ற பெயரில் புரூணைக்கு மட்டும் அப்படியொன்றைச் செய்து கொடுத்திருந்தது. ஃபெராரி 456 காரைக் குடும்பத்தோடு போகும் ஸ்டேஷன் வேகனாக மாற்றித் தரச் சொல்லி, இத்தாலியின் பினின்ஃபரினா அதைச் செய்துகொடுத்தது. மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 கார்களிலும் பல அங்கே போய்ச் சேர்ந்தன.

1997இல் ஆசிய நிதி நெருக்கடி. எண்ணெய் விலையும் விழுந்தது. 1998இல் ஜெஃப்ரியின் அமெடியோ நிறுவனம் பெரும் கடனோடு சரிந்தது. முதலீட்டு முகமையிலிருந்து 14.8 பில்லியன் டாலர் அவர் பக்கம் போனதாக அரசு 2000ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தது. தவறேதும் செய்யவில்லை என்று அவர் மறுத்தார். சொத்துக்களைத் திருப்பித் தருவதாக அதே ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. அதை நிறைவேற்ற வேண்டும் என்று 2007இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 2001இல் அமெடியோவின் பொருட்களைப் புரூணையிலேயே ஏலம் விட்டபோது, கடன் கொடுத்தவர்கள் எதிர்பார்த்த தொகைக்கும் வந்த தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை.

கார்களைப் பராமரித்த வெளிநாட்டு மெக்கானிக்குகள் வேலை நின்று போனார்கள். கூடங்களில் ஏர்கண்டிஷன் நின்றது. புரூணை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள மழைநாடு. அங்கே காற்றே ஈரத்துணி மாதிரி. துபாயில் கார் காய்ந்து சாகிறது என்றால், அங்கே பூஞ்சை பூத்துச் சாகிறது. தோல் இருக்கைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பாசி, மரப்பலகை உப்பி, மின்கம்பிகளின் இணைப்பெல்லாம் பச்சை பூத்து. உள்ளே போய்ப் பார்த்த வெளிநாட்டுக் கார் வணிகர்கள், பலவற்றைத் திரும்ப உயிர்ப்பிக்கும் செலவு காரின் விலையையே மிஞ்சும் என்று எழுதினார்கள். மிக அரிதான சில மட்டும் வெளியே விற்கப்பட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீரமைக்கப்பட்டு இப்போது கண்காட்சிகளில் நிற்கின்றன.

இன்று அமீரகத்தில் என்ன மாறியிருக்கிறது

மீண்டும் துபாய்க்கு வருவோம். ஏனென்றால் நம் பிள்ளைகள் போவது அங்கேதான்.

2011இல் அமீரக மத்திய வங்கி கடன் விதிகளை இறுக்கியது. கார் விலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது. 60 மாதங்களுக்குள் அடைக்க வேண்டும். தனிநபர் கடன் சம்பளத்தைப்போல் 20 மடங்கைத் தாண்டக் கூடாது. எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2017 இறுதியில் துபாயில் 2 லட்சம் திர்ஹத்துக்குக் குறைந்த காசோலைகளுக்குச் சிறைக்குப் பதில் அபராதம் என்று ஆனது. தனிநபர் திவால் சட்டம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கடனில் மூழ்கியவர் தாமாகவே நீதிமன்றம் சென்று தவணைத் திட்டம் கேட்க அதில் வழி இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது 2022 ஜனவரி 2 முதல் வந்த மாற்றம்: கணக்கில் பணம் போதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் காசோலை திரும்பினால் அது இனிக் குற்றம் அல்ல.

இதைக் கேட்டுவிட்டு 'அப்பாடா' என்று சாய்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது. சிறைக் கதவு மூடியது. வேறு கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. திரும்பிய காசோலையே இப்போது தீர்ப்புக்குச் சமம். வங்கி தனியாக வழக்குப் போட்டு வாதாட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போய்க் கணக்கை முடக்கவும், பொருளைப் பறிக்கவும், பயணத் தடை கேட்கவும் முடியும். கணக்கில் பாதிப் பணம் இருந்தால் அந்தப் பாதியை வங்கி காசோலை வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடும். காசோலை கொடுத்துவிட்டு வேண்டுமென்றே கணக்கை மூடுவது, பணத்தை எடுத்துவிடுவது, தக்க காரணமின்றிப் பணம் தராதே என்று வங்கிக்கு உத்தரவிடுவது ஆகியவை இன்றும் குற்றம்தான்.

'முராபஹா' முறையில் வாங்கினேன், வட்டி இல்லை என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். வட்டியில்லாமல் வாங்கியது நல்லதே. ஆனால் தவணை தவறினால் அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையும் காசோலைதான். அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது.

ஊருக்கு வந்துவிட்டால் முடிந்ததா?

'கல்லிவல்லி, ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் என்ன செய்வான்' என்ற பேச்சு அறைகளில் இன்றும் கேட்கிறது. 2020க்கு முன் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 2020 ஜனவரியில் இந்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44A பிரிவின்கீழ் ஐக்கிய அரபு அமீரகத்தைப் 'பரஸ்பர நாடு' என்று அறிவித்தது. துபாய் உரிமையியல் நீதிமன்றம் 'இன்ன தொகை கட்டு' என்று தீர்ப்பளித்தால், அதன் சான்றளித்த நகலை நம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இங்கேயே வழங்கிய தீர்ப்பைப்போல் நிறைவேற்றக் கேட்கலாம். ராமநாதபுரத்தில் இருக்கும் வீடும், தஞ்சாவூரில் இருக்கும் வயலும் இதற்குள் வரும்.

எதிர்த்து நிற்கவும் வழி உண்டு. முறையான அறிவிப்பே வராமல், பதில் சொல்ல வாய்ப்பே தராமல் வாங்கிய தீர்ப்பு என்றோ, மோசடியால் பெற்றது என்றோ 13ஆம் பிரிவின்படி வாதாடலாம். ஆனால் அதற்கு வழக்கறிஞர் வேண்டும், ஆவணங்கள் வேண்டும். 'தாள் எல்லாம் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்' என்றால் வாதம் பலவீனமாகிவிடும்.

வசூல் முகவர்கள் தொலைபேசியில் வீட்டுப் பெண்களையும் வயதான அத்தாவையும் மிரட்டுவது நம் ஊர்களில் பலருக்கும் தெரிந்த கதை. மகன் வாங்கிய கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத தந்தை பொறுப்பாளி அல்ல. மனைவியும் அல்ல. இதை அமைதியாகச் சொல்லிவிட்டு, பேசுபவரின் பெயரையும், எந்த வங்கி சார்பில் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதே நேரம், கடன்பட்டவர் மௌத்தாகிவிட்டால் அவர் விட்டுச் சென்ற சொத்தில் கடனை அடைத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது நமக்குப் புதிதல்ல. ஜனாஸா தொழுகைக்கு முன் 'மய்யித்துக்குக் கடன் ஏதும் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள்' என்று அறிவிக்கிறோமே, அந்த வரிசையில் வந்து நிற்க துபாய் வங்கிக்கு முடியாது என்பதற்காக அந்தக் கடன் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே காரையோ கடன் அட்டையையோ விட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தால், வங்கிக்கு எழுதி 'நிலுவைக் கடிதம்' கேட்கலாம். பல வங்கிகள் பழைய கடனில் ஒரு பகுதியைத் தள்ளி, ஒரே தவணையில் முடித்துக்கொள்ள இணங்குகின்றன. இணக்கத்தை எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்ப வேண்டாம். பணம் கட்டியதும் 'கடன் தீர்ந்தது' என்ற கடிதத்தையும், கொடுத்த உத்தரவாதக் காசோலையையும் திரும்பக் கேளுங்கள். அந்தக் காசோலையை வாங்க மறந்து, பல ஆண்டுகள் கழித்து மறுபடி விசாவில் போகும்போது விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. 2014 முதல் அமீரகத்தில் கடன் விவரங்களைத் திரட்டும் அல் எதிஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது அங்கே கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிறு செய்தி. பொது இடத்தில் அழுக்கேறி நிற்கும் காருக்குத் துபாய் மாநகராட்சி 500 திர்ஹம் அபராதம் போடுகிறது. கண்ணாடியில் அறிவிப்புச் சீட்டு ஒட்டி 15 நாள் கெடு கொடுப்பார்கள். யாரும் வரவில்லை என்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஏலம். அது லம்போர்கினியா, டொயோட்டாவா என்ற வேறுபாடு கிடையாது. ரமலானுக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு மாதம் ஊருக்கு வருகிறவர்கள் சாவியை அறையில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை கழுவிக் கிளப்பி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.